கடலில்லாத் துறைமுகம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பணியைத் தேடி மனிதர் ஊர்விட்டு ஊர் சென்ற காலம் ஒன்று உண்டு. மனிதர் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்தம் பணி மட்டும் கடல் கடந்து செல்லும் காலம் இது. பெங்களூரின் கிழக்குப் பகுதியிலுள்ள வைட்ஃபீல்ட், இவ்விரு காலங்களையும் கண்ட ஊர். அவ்வூருக்கும் ஐரோப்பியத் துறைமுக நகரங்களுக்கும் இடையே வளர்ந்துள்ள தொலைப்பணி உறவைப் பற்றி இப்பாடம் பேசுகிறது.

கற்றல் நோக்கங்கள்

• தொலைப்பணியின் தன்மை, நன்மை, சிக்கல் ஆகியவற்றை அறிதல்.
• வாழும் ஊருக்கும் செய்யும் பணிக்கும் உள்ள தொடர்பைச் சிந்தித்தல்.
• உரைநடைப் பகுதியைப் படித்துக் கருத்துகளைத் தொகுத்துக் கூறும் திறன் பெறுதல்.

கடலுக்குத் தொலைவில் ஒரு துறை

துறைமுகம் என்றதும் நம் நினைவில் எழுவது கடல். அலையும் கப்பலும் கலங்கரை விளக்கமும் அதனைத் தொடர்ந்து வரும். ஆனால், கடலே இல்லாத ஊரிலும் துறைமுகம் இருக்கக்கூடும். சென்னையிலிருந்து இருப்புப்பாதை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது வைட்ஃபீல்ட். அங்கு உள்நாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் ஒன்று இயங்குகிறது. 'கண்டெய்னர்' என்று நாம் வழங்கும் இரும்புப் பெட்டகங்கள் அங்கு அடுக்கடுக்காக நிற்கின்றன. சுங்கச் சோதனை அங்கேயே முடிகிறது. முத்திரையிடப்பட்ட பெட்டகங்கள் சரக்குத் தொடர்வண்டியில் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறுகின்றன. கடலோரத்தில் செய்யவேண்டிய பணிகளைக் கடலுக்குத் தொலைவிலேயே செய்து முடிப்பதால் இத்தகைய இடத்தை 'உலர் துறைமுகம்' என்பர். இந்தியாவின் முதல் உள்நாட்டுப் பெட்டக முனையம் 1981ஆம் ஆண்டு பெங்களூரில்தான் தொடங்கப்பட்டது.

துறைமுகம் கடற்கரையை விட்டு நகர்ந்ததைப் போலவே, அலுவலகமும் தன் கட்டடத்தை விட்டு நகரக் கற்றுக்கொண்டது. அந்த மாற்றத்தையும் இவ்வூரில் காணலாம்.

குடியிருப்பு நகரமான வரலாறு

மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் வழங்கிய நிலத்தில், 1882ஆம் ஆண்டு ஆங்கிலோ-இந்தியருக்கான வேளாண் குடியிருப்பாக வைட்ஃபீல்ட் தோன்றியது. அதற்காக முயன்ற சங்கத் தலைவர் வைட் என்பவரின் பெயரே ஊருக்கு வழங்கலாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகள் அது தோட்டங்களும் ஓட்டு வீடுகளும் நிறைந்த அமைதியான ஊராகவே இருந்தது. 1990களில் இந்தியாவும் சிங்கப்பூரும் கூட்டாகத் தொடங்கிய தொழில்நுட்பப் பூங்கா அதன் போக்கை மாற்றியது. பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன, அடுக்ககங்கள் எழுந்தன. 2023ஆம் ஆண்டு மெட்ரோ தொடர்வண்டியும் வந்து சேர்ந்தது. இன்று கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எனப் பல மொழிகள் அதன் தெருக்களில் ஒலிக்கின்றன.

இத்தகைய பன்மொழிச் சூழல் தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தை நமக்குக் காட்டுகிறது. அங்கு ஏற்றுமதிப் பொருள்களும் இறக்குமதிப் பொருள்களும் சோழரின் புலி முத்திரை பெற்றன. வெவ்வேறு மொழி பேசும் வணிகர்கள் அந்நகரில் கலந்து வாழ்ந்தனர். ஆயின், ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. அன்று வணிகர் தம் பொருளோடு தாமும் பயணம் செய்தனர். போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து 1497 ஜூலையில் புறப்பட்ட வாஸ்கோ ட காமா, கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498 மே மாதத்தில். அவ்வழியைக் கடக்கப் பத்து மாதங்கள் தேவைப்பட்டன. இன்று வைட்ஃபீல்டில் ஒருவர் அனுப்பும் செய்தி, ஒரு நொடிக்குள் லிஸ்பனை எட்டுகிறது.

ரோட்டர்டாம் காட்டும் மாற்றம்

ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1940 மே 14 அன்று நிகழ்ந்த குண்டுவீச்சில் அதன் நகர்மையம் அழிந்தது. அந்நகர மக்கள் பழைய நகரை அப்படியே மீட்க முயலாமல், புதிய நகர் ஒன்றையே எழுப்பினர். கடலைத் தூர்த்து நிலமாக்கித் துறைமுகத்தை மேற்கு நோக்கி விரித்தனர். 1990களிலேயே அங்குள்ள முனையம் ஒன்றில் ஓட்டுநர் இல்லா ஊர்திகள் பெட்டகங்களைச் சுமந்து ஓடத் தொடங்கின. 2015இல் திறக்கப்பட்ட மற்றொரு முனையத்தில், பாரந்தூக்கியை இயக்குபவர் அதன் உச்சியில் அமர்வதில்லை. தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தவாறே கப்பலிலிருந்து பெட்டகத்தை இறக்குகிறார்.

கடற்காற்றும் உயரமும் தந்த இடர் அவருக்கு இப்போது இல்லை. ஆனால், கப்பலின் மேல்தளத்தில் பெட்டகங்களை இரும்புக் கம்பிகளால் பிணைப்பதும் அவிழ்ப்பதும் இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே நடைபெறுகின்றன. ஒரே துறைமுகத்தில் ஒருவர் தொலைவிலிருந்து பணியாற்ற, இன்னொருவர் மழையில் நனைந்தபடி பணியாற்றுகிறார். தொலைப்பணியைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்விருவரையும் ஒருசேர நினைத்தல் வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

வைட்ஃபீல்டின் அடுக்ககம் ஒன்றை மனக்கண்ணால் காண்போம். அங்கு வாழும் தாய் ஒருவர், ரோட்டர்டாம் நகரக் குழுவொன்றுக்காக வீட்டிலிருந்தே கணக்குப் பணி செய்கிறார். மேசைமேல் இரண்டு கடிகாரங்கள் உள்ளன. குளிர்காலத்தில் ரோட்டர்டாமில் காலை 9 மணி ஆகும்போது இங்குப் பிற்பகல் 1.30. அங்கு மாலை 5 மணிக்குப் பணி முடியும்போது இங்கு இரவு 9.30. மார்ச் இறுதியில் ஐரோப்பியர் தம் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னகர்த்துவர். அதன்பின், அக்டோபர் இறுதிவரை இங்குப் பணி இரவு 8.30க்கு முடியும். அந்த ஒரு மணிநேரம் அக்குடும்பத்திற்குப் பெரும்பேறு. எல்லோரும் சேர்ந்து உண்ண அது வழிவகுக்கிறது.

"அம்மா, உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது?" என்று மகள் கேட்கிறாள்.

"ரோட்டர்டாமில், கண்ணே."

"நீங்கள் அங்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை. ஆனால் அங்கு இன்று மழை பெய்கிறது என்பது எனக்குத் தெரியும்."

"நம் தெருவில் இன்று தண்ணீர் வண்டி வரவில்லையே, அது தெரியுமா?"

தாய் விடை கூறவில்லை. மகளின் வினாவில் குற்றச்சாட்டு ஏதுமில்லை; ஆயினும் அது அவரைச் சிந்திக்க வைத்தது. தொலைவிலுள்ள நகரின் வானிலையை அறிந்தவர், தம் வாயிலில் நிகழ்வதை அறியாமல் இருந்துவிட்டார்.

நன்மையும் விலையும்

2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது தொலைப்பணி பரவலாயிற்று. பயண நேரம் மிச்சமாயிற்று; நெரிசலில் கழிந்த பொழுது வீட்டிற்குக் கிடைத்தது. முதிய பெற்றோரைப் பேணவும், சொந்த ஊரில் தங்கவும், சிறு குழந்தைகளை அருகிருந்து வளர்க்கவும் பலருக்கு அது வாய்ப்பளித்தது. ஆனால், வீடே அலுவலகமானபின் பணி தொடங்கும் நேரம் தெரிந்தது. முடியும் நேரம் மங்கியது. உணவு மேசையிலும் அழைப்பு மணி ஒலித்தது. உடன் பணிபுரிவோருடன் பகிரும் தேநீரும் சிரிப்பும் குறைந்து, தனிமை கூடியது.

இச்சிக்கலுக்குச் சட்டத்தின் வழியே தீர்வு காண முயன்ற நாடுகளுள் போர்ச்சுக்கலும் ஒன்று. பணிநேரம் முடிந்தபின், தவிர்க்க இயலாச் சூழலில் அன்றிப் பணியாளரை நிறுவனம் தொடர்புகொள்ளலாகாது என 2021இல் அந்நாடு சட்டம் இயற்றியது. 2022இல் பிறநாட்டுத் தொலைப்பணியாளர் தன்னாட்டில் தங்கிப் பணியாற்றத் தனி நுழைவிசைவும் வழங்கத் தொடங்கியது. கடலும் இளவெயிலும் ஈர்க்க, பலர் லிஸ்பனுக்குக் குடிபெயர்ந்தனர். சுற்றுலாப் பெருக்கத்தோடு இவர்தம் வருகையும் சேர்ந்து அந்நகரின் வீட்டு வாடகை உயர்ந்தது. உள்ளூர் ஊதியத்தை நம்பி வாழ்ந்தோர் தம் பழைய தெருக்களிலேயே வீடு பெற இயலாமல் தவித்தனர். ஒருவருக்கு விரும்பியபடி வாழும் உரிமையாக அமைவது, மற்றொருவருக்கு இடப்பெயர்வாக மாறலாம் என்பதை லிஸ்பன் உணர்த்துகிறது.

நீர் சொல்லும் பாடம்

ரோட்டர்டாம் நகரின் பெரும்பகுதி கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. புயல்நாளில் கடல்நீர் புகாமல் தடுக்க, 1997இல் மாஸ்லான்ட் தடுப்பரண் அமைக்கப்பட்டது. அதன் இரு கதவுகளும் தனித்தனியே 210 மீட்டர் நீளமுடையவை. பெருமழையைத் தேக்கிவைக்கும் பொதுச் சதுக்கம் ஒன்றையும் 2013இல் அந்நகரம் உருவாக்கியது; உலர்ந்த நாளில் இளைஞர் அங்கு விளையாடுவர். மிகுதியான நீர் அவர்களின் சிக்கல்.

வைட்ஃபீல்டின் சிக்கலோ நேரெதிரானது. ஏரிகள் சூழ்ந்த நிலப்பகுதி அது. ஆயினும் கட்டடங்கள் பெருகப் பெருக, ஏரிகள் சுருங்கி மாசடைந்தன. ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாயின. 2024ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் பெங்களூர் கடும் நீர்த்தட்டுப்பாட்டைச் சந்தித்தபோது, உயர்ந்த அடுக்ககங்களும் தண்ணீர் வண்டிக்காகக் காத்திருந்தன. பணி ரோட்டர்டாமுக்குச் செல்லலாம். ஊதியம் அங்கிருந்து வரலாம். ஆனால், குடிக்கும் நீர் காலடியில் உள்ள மண்ணிலிருந்தும் காவிரியிலிருந்துமே வந்தாக வேண்டும்.

தாங்கும் கைகள்

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வூரார் ஆயிரக்கணக்கில் விடியுமுன் எழுந்து, தொடர்வண்டியேறிப் பெங்களூருக்குப் பணிக்கு வருகின்றனர், இரவில் திரும்புகின்றனர். அவ்வண்டிகள் வைட்ஃபீல்ட் வழியாகவே செல்கின்றன. காவல் பணி, தூய்மைப் பணி, சமையல், கட்டட வேலை ஆகியவற்றைத் திரைவழியே செய்ய இயலாது. பொதுமுடக்கக் காலத்திலும் சரக்குத் தொடர்வண்டிகள் ஓடின, பெட்டகங்கள் நகர்ந்தன. பலர் வீட்டிலிருந்து பணியாற்ற முடிந்ததற்கு, வீட்டிலிருந்து பணியாற்ற முடியாத சிலர் வெளியே நின்றதும் ஒரு காரணம்.

எனவே மாணவர்களே, நாளை நீங்களும் கடல் கடந்த நகரொன்றிற்காக உங்கள் ஊரிலிருந்தே பணியாற்றலாம். அல்லது அந்நகரிலேயே சென்று வாழலாம். இரண்டும் நன்றே. எங்கு வாழ்ந்தாலும் அவ்வூரின் மொழியைச் சிறிதேனும் கற்றுக்கொள்ளுங்கள். அதன் நீர் எங்கிருந்து வருகிறது என அறியுங்கள். உங்களுக்காக உழைப்பவரின் பெயரைக் கேட்டறியுங்கள். பணி எத்தொலைவுக்கும் செல்லும். வாழ்க்கை ஓர் ஊரில்தான் நிகழும். அவ்வூருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

சொல்லும் பொருளும்

பெட்டகம் – பொருள்களை வைக்கும் பெரிய பெட்டி
முனையம் – போக்குவரத்து தொடங்கும் அல்லது முடியும் இடம்
தூர்த்து – மண்ணிட்டு நிரப்பி
நுழைவிசைவு – ஒரு நாட்டினுள் செல்வதற்கான ஒப்புதல்
தடுப்பரண் – தடுத்துக் காக்கும் அமைப்பு
இடர் – துன்பம்

இலக்கணக் குறிப்பு

கடலில்லாத் துறைமுகம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
உலர் துறைமுகம் – வினைத்தொகை
அடுக்கடுக்காக – அடுக்கு என்னும் சொல் இருமுறை வந்து வினையடையாயிற்று

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வைட்ஃபீல்ட் குடியிருப்பு தோன்றிய ஆண்டு ________.
க) 1864   ங) 1882   ச) 1940   ஞ) 1981

2. காவிரிப்பூம்பட்டினத்தில் பொருள்களுக்கு இடப்பட்ட முத்திரை ________.
க) மீன்   ங) வில்   ச) புலி   ஞ) யானை

3. 'முந்நூறு' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________.
க) முன் + நூறு   ங) மூன்று + நூறு   ச) முந் + நூறு   ஞ) மூ + ஆறு

ஆ) குறுவினா

1. உலர் துறைமுகம் என்பது யாது?
2. ரோட்டர்டாமில் பாரந்தூக்கியை இயக்கும் முறையில் ஏற்பட்ட மாற்றம் என்ன?
3. தொலைப்பணியால் குடும்பத்திற்குக் கிடைக்கும் நன்மைகள் இரண்டினை எழுதுக.

இ) சிறுவினா

1. மகளின் வினா தாயைச் சிந்திக்க வைத்தது ஏன்?
2. நீரைப் பொறுத்தவரை ரோட்டர்டாமும் வைட்ஃபீல்டும் எவ்வாறு வேறுபடுகின்றன?

ஈ) நெடுவினா

'பணி எத்தொலைவுக்கும் செல்லும். வாழ்க்கை ஓர் ஊரில்தான் நிகழும்' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.

உ) கற்பவை கற்றபின்

1. குளிர்காலத்தில் ரோட்டர்டாமில் பிற்பகல் 3 மணிக்கு நடைபெறும் கூட்டத்தில், வைட்ஃபீல்டில் இருப்பவர் எத்தனை மணிக்குக் கலந்துகொள்வார்? கோடையில் அந்நேரம் எவ்வாறு மாறும்? கணக்கிட்டு எழுதுக.

2. உங்கள் வீட்டிற்குத் தண்ணீர் எங்கிருந்து, எவ்வழியே வருகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.

3. வீட்டிலிருந்து செய்யக்கூடிய பணிகள், செய்ய இயலாப் பணிகள் எனப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.