அகராதிப் பாடத்துக்கு 40 துண்டுச் சீட்டுகள்

மேல்நிலை இரண்டாமாண்டு கணினி அறிவியலில் பைத்தான் அகராதியை நான் ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. வகுப்பறையில் 40 துண்டுச் சீட்டுகளோடு தொடங்குகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் எமிஸ் எண், பெயர், ஊர் இருக்கும். எட்டு ஊர்களுக்கும் தனித்தனிப் பட்டியல் தயாரிக்க வேண்டும்.

ஒரு குழு ஊர் ஊராகத் தேடும். ஒவ்வோர் ஊருக்கும் 40 சீட்டையும் புரட்டினால் மொத்தம் 320 பார்வை. மற்றொரு குழு, சீட்டை எடுத்ததும் அந்த ஊரின் பெட்டியில் போடும். பெட்டி இல்லையென்றால் புதிதாக ஒன்று வைக்கும். 40 பார்வையில் வேலை முடிந்துவிடும். ஊர் திறவுகோல், பெட்டிக்குள் சேரும் பட்டியல் மதிப்பு.

"40 சீட்டுதானே, எப்படிச் செய்தால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் ட்ரிக்கர் என்று ஒன்று உண்டு. பதிவுகள் மாறும்போது தானாக இயங்கும் நிரல் அது. ஒரு தடவைக்கு 200 பதிவுகள் வரை அதனிடம் வரும். ஆனால் வழக்கமான ஒரு பரிவர்த்தனையில் தரவுத்தளத்தை 100 முறைதான் வினவலாம். மடக்குக்குள் பதிவுக்கு ஒரு வினவல் எழுதினால் 101ஆவதில் நிரல் நின்றுவிடும். அதுவரை செய்த மாற்றங்களும் ரத்தாகும். அதனால் தேவையான எண்களை முதலில் திரட்டி, ஒரே வினவலில் எல்லாவற்றையும் வாங்கி, 'மேப்'பில் தொகுத்து வைக்கிறார்கள். நம் அகராதிக்கு அங்கே அதுதான் பெயர்.

வடிகட்டலுக்கும் இதே சீட்டுகள் போதும். சென்ற ஆண்டுச் சீட்டுகளை எமிஸ் எண்படி அடுக்கி, ஊர் மாறியவர்களை மட்டும் பிரிக்கச் சொல்வேன். பேருந்து அட்டையை அவர்களுக்குத்தானே மாற்ற வேண்டும்! புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய சீட்டு இராது. அவரை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும்.

எண்ணுக்குப் பதில் பெயரைத் திறவுகோலாக வைத்தால் என்ன ஆகும்? இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். வகுப்பில் இரண்டு கார்த்திகா இருந்தால் பைத்தான் பிழை எதுவும் காட்டாது. இரண்டாமவரின் விவரம் முதலாமவருடையதை அழித்துவிட்டு அமரும். 40 பேர் 39 ஆவார்கள். உதவித்தொகைப் பட்டியலில் ஒரு பிள்ளை சத்தமில்லாமல் விடுபடும். ஆகவே ஆய்வகத்தில் மாணவர் அகராதியை உருவாக்கியவுடன், அதிலுள்ள திறவுகோல்களின் எண்ணிக்கையை அச்சிட்டு வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடச் செய்யுங்கள்.