இறந்தபின் ஆன்மா எங்கே? கிறித்தவ நம்பிக்கைகள்: முக்கியக் குறிப்புகள்

சமயச் சீர்திருத்த இயக்கம் என்றதும் 1517, விட்டன்பர்க், மார்ட்டின் லூதர், பாவமன்னிப்புச் சீட்டு என்று ஒப்பிக்கிறோம். அந்தச் சீட்டை மக்கள் யாருக்காக வாங்கினார்கள் என்று அடுத்த கேள்வி வந்தால் பேனா நின்றுவிடுகிறது. தங்களுக்காக மட்டுமல்ல, இறந்துபோன தாய் தகப்பனுக்காகவும் வாங்கினார்கள். அந்தத் தாய் தகப்பன் எங்கே இருப்பதாக நம்பினார்கள் என்பதுதான் இந்தப் பாடம்.

பாடம் முழுவதையும் கட்டும் கயிறு ஒன்றே: இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் ஏதாவது செய்ய முடியுமா? ஒரு சபை இதற்குச் சொல்லும் விடை தெரிந்தால், மறுமை பற்றிய அதன் மற்றக் கருத்துகளைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

1. அடிப்படை

• தனித்தீர்வை: இறந்தவுடன் ஒவ்வோர் ஆன்மாவுக்கும் கிடைக்கும் தீர்ப்பு.
• பொதுத்தீர்வை: உலக முடிவில், கிறிஸ்துவின் இரண்டாம் வருகையின்போது எல்லாருக்கும் கிடைக்கும் தீர்ப்பு.
• இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம் இடைநிலை. சபைகள் பிரிவது இங்கேதான்.
• உடல் உயிர்த்தெழும் என்பது பெரிய சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நம்பிக்கை. ஆன்மா மோட்சம் போனதோடு விடையை முடித்தால் பாதி மதிப்பெண்தான்.
• மறுபிறவி இல்லை. மனிதர் இறப்பது ஒரே முறை, பின்பு தீர்ப்பு என்பதற்குக் காட்டப்படும் வசனம் எபிரெயர் 9:27.
• கத்தோலிக்க மரபில் மனிதனின் இறுதி நிலைகள் 4: மரணம், தீர்வை, மோட்சம், நரகம். உத்தரிக்கிற ஸ்தலம் (பகுதி 4) இந்தப் பட்டியலில் வராது. அது தற்காலிகமானது.

2. சொற்களும் மூலமும்

• ஷியோல் (எபிரேயம்): நல்லவர், கெட்டவர் எல்லாரும் இறங்கும் நிழலுலகம். தமிழ் வேதாகமத்தில் ‘பாதாளம்’.
• ஹேடிஸ் (கிரேக்கம்): பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஷியோலுக்குப் போட்ட சொல்.
• கெகன்னா: எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. மோளேகு தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம். யோசியா அரசன் அதைத் தீட்டுப்படுத்தி அந்த வழக்கத்தை நிறுத்தினான் (2 இராஜாக்கள் 23:10). நரகத்துக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு இங்கே தொடங்குகிறது. புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வரும். 11 இயேசுவின் பேச்சில், 1 யாக்கோபு நிருபத்தில்.
• பரதீசு: மதில் சூழ்ந்த தோட்டம் என்னும் பொருள்பட்ட பழைய ஈரானியச் சொல். புதிய ஏற்பாட்டில் 3 இடங்களில் மட்டும் வரும்.
• லிம்போ: ‘விளிம்பு, ஓரம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

3. விவிலிய ஆதாரங்கள்

• லூக்கா 16:19–31: ஐசுவரியவானும் லாசருவும். ஏழை லாசரு ஆபிரகாமின் மடியில். செல்வந்தன் பாதாளத்தில், ஒரு சொட்டுத் தண்ணீருக்குத் தவிக்கிறான். நடுவில் கடக்க முடியாத பெரும்பிளவு. (பெத்தானியாவில் உயிர்ப்பிக்கப்பட்ட லாசரு வேறு, அவர் யோவான் 11இல் வருகிறார்.)
• லூக்கா 23:43: சிலுவையில் மனம் திரும்பிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்படுகிறது. இடைத்தங்கல் கிடையாது என்போரின் முதன்மைச் சான்று.
• 2 மக்கபேயர் 12:38–45: போரில் மாண்டவர்களின் ஆடைக்குள் விலக்கப்பட்ட சிலைத் தாயத்துகள் இருக்கக் கண்ட யூதா மக்கபே, 2,000 வெள்ளி திராக்மா திரட்டி, அவர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தோருக்காக வேண்டலாம் என்போரின் முதன்மைச் சான்று.
• கவனிக்க: 2 மக்கபேயர் கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லை. வழக்கின் ஆவணமே ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கிறது என்பதை விடையில் எழுதினால் தனியாகத் தெரியும்.
• சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தனர். பரிசேயர் ஏற்றனர் (அப்போஸ்தலர் 23:8).

4. உத்தரிக்கிற ஸ்தலம்

• பொருள்: கடவுளின் அருள்நிலையில் இறந்தும் முழுத் தூய்மை அடையாத ஆன்மாக்கள் மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலை. ‘உத்தரித்தல்’ என்றால் பட்டுத் தீர்த்தல், ஈடு செய்தல்.
• அங்கே இருக்கும் எல்லா ஆன்மாக்களும் மோட்சம் போவது உறுதி. அங்கிருந்து நரகத்துக்குப் பாதை இல்லை. கொள்குறி வினாவில் அதிகம் சறுக்கும் இடம் இது.
• 387: புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா ஒஸ்தியாவில் இறக்கிறார். தன்னை எங்கே புதைத்தாலும் சரி, பலிபீடத்தில் நினைத்துக்கொண்டால் போதும் என்பது அவர் கேட்ட ஒரே உதவி.
• 590–604: போப் பெரிய கிரகோரியாரின் ஆட்சிக்காலம். அவர் எழுதிய உரையாடல் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மருத்துவம் தெரிந்த ஜுஸ்துஸ் என்ற துறவி சாகக் கிடக்கிறார். அவருடைய மருந்துகளுக்கிடையில் ஒளித்துவைத்த 3 பொற்காசுகள் அகப்படுகின்றன. சொந்தப் பணம் வைத்திருப்பது மடத்து ஒழுங்குக்கு மாறு என்பதால், காசோடு சேர்த்துக் குப்பைக்குழியில் புதைக்கச் சொல்கிறார் கிரகோரியார். பிறகு மனம் இரங்கி, 30 நாள் தொடர்ந்து பூசை வைக்கச் சொல்கிறார். முப்பதாம் நாள், தாம் வேதனையிலிருந்து விடுபட்டதாக அந்தத் துறவி தம் சகோதரருக்குத் தோன்றிச் சொல்கிறார். ‘கிரகோரியன் பூசை = 30’ என்ற எண் வந்த வழி இது.
• சுமார் 998: பிரான்சின் கிளூனி மடத் தலைவர் ஓதிலோ, இறந்த விசுவாசிகள் அனைவருக்குமான நினைவு நாளாக நவம்பர் 2ஐ ஏற்படுத்துகிறார்.
• 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: உத்தரிக்கிற ஸ்தலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘புர்கத்தோரியம்’ தனிப் பெயர்ச்சொல்லாக வழக்குக்கு வருகிறது. இதை எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் (நூல் வெளிவந்தது 1981). தூய்மை பெறும் நம்பிக்கை பழையது. தனிப் பெயர் பிந்தியது.
• இந்தக் கோட்பாட்டை உறுதிப்படுத்திய திருச்சபைச் சங்கங்களின் வரிசை: லியோன் 1274, ஃபுளோரன்ஸ் 1439, திரெந்து 1563.

5. மோட்சம்: ஒரு போப்பின் பிழையும் திருத்தமும்

• 1331: புனிதர்கள்கூடப் பொதுத்தீர்வைக்கு முன் கடவுளை நேருக்கு நேர் காண்பதில்லை என்று போப் இருபத்திரண்டாம் ஜான் பிரசங்கிக்கிறார். இறையியலாளர்கள் கொதிக்கிறார்கள்.
• 1334: மரணப் படுக்கையில் அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறார்.
• 1336: அடுத்த போப் பன்னிரண்டாம் பெனடிக்ட், தூய்மை பெற்ற ஆன்மாக்கள் தீர்ப்பு நாளுக்குக் காத்திராமல் கடவுளைக் காண்கின்றன என்று அறிவிக்கிறார்.

6. லிம்போ

• முன்னோர் லிம்போ: கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த நீதிமான்கள் காத்திருந்த இடம். விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று வரும் பகுதியோடு தொடர்புடையது.
• குழந்தைகள் லிம்போ: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்காக இடைக்கால இறையியலாளர்கள் வகுத்தது. வேதனை இல்லை; இறைக்காட்சியும் இல்லை.
• இது விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதே இல்லை. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் லிம்போ என்ற சொல்லையே தவிர்த்து, அக்குழந்தைகளை இறை இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, அவர்கள் மீட்படைவர் என்று நம்ப இடமுண்டு என்றது.

7. 1517: சீட்டின் பின்னணி

• பாவமன்னிப்புச் சீட்டு என்ற பாடநூல் பெயர் சற்றே வழிதவறச் செய்யும். கோட்பாட்டின்படி பாவத்தின் குற்றம் பாவசங்கீர்த்தனத்தில் நீங்குகிறது. மீதமுள்ள தற்காலிகத் தண்டனையைக் குறைப்பதே ‘பலன்’. தமிழ்க் கத்தோலிக்கர் ‘பரிபூரணப் பலன்’ என்பது முழுத் தண்டனைக் குறைப்பை.
• 1476: போப் நான்காம் சிக்ஸ்துஸ் இந்தப் பலனை உத்தரிக்கும் ஆன்மாக்களுக்கும் பயன்படுத்த வழி திறக்கிறார். கல்லறைக்குள் இருப்பவருக்காகச் சீட்டு வாங்கும் காலம் இங்கே தொடங்குகிறது.
• ஜெர்மனியில் சீட்டு விற்றவர் ஜோகன் டெட்சல். பணத்தில் ஒரு பங்கு ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு. மற்றது மைன்ஸ் பேராயர் ஆல்பிரக்ட் ஃபுகர் வங்கிக் குடும்பத்திடம் பட்ட கடனை அடைக்க.
• அக்டோபர் 31, 1517: லூதரின் 95 கருத்துரைகள். அன்று அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை; விற்பனையைத்தான் எதிர்த்தார். அந்த நம்பிக்கையையே மறுத்து எழுதியது 1530இல்.
• 1547: இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு காலச் சட்டம், இறந்தோருக்குப் பூசை வைக்க விடப்பட்டிருந்த அறக்கட்டளைகளைக் கலைத்தது. கோட்பாடு மாறியதும் சொத்தும் கைமாறியது.
• தப்பிப் பிழைத்த பெயர்: ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரி (1438). பிரான்சுடனான போர்களில் மாண்டோரின் ஆன்மாக்களுக்காக வேண்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

8. சபைவாரியாக

• கத்தோலிக்கம்: மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம். உதவ முடியும்: பூசை, செபம், தருமம். 1999இல் போப் இரண்டாம் ஜான் பால் (தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் அருள் சின்னப்பர்) இவற்றை இடம் என்பதைவிட நிலை என்றே விளக்கினார்.
• ஆர்த்தடாக்ஸ்: இறந்தோருக்கு வேண்டுவர், உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கோட்பாட்டை ஏற்பதில்லை. ஃபுளோரன்ஸ் சங்கத்தின் ஆணையில் எபேசு நகர மாற்கு கையெழுத்திட மறுத்தார். நினைவு நாட்கள் 3, 9, 40. அன்று படைப்பது கோலிவா என்னும் வேகவைத்த கோதுமை. மண்ணில் விழுந்து முளைக்கும் மணி உயிர்த்தெழுதலின் அடையாளம்.
• லூத்தரன், ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபைகள்: மோட்சம், நரகம் இரண்டே. ஆங்கிலிக்கரின் 39 விதிகளில் 22ஆவது விதி உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கிறது.
• செவன்த்டே அட்வென்டிஸ்ட் (1863): இறந்தவர் உயிர்த்தெழும்வரை உணர்வற்ற உறக்கத்தில் இருப்பர், தீயோர் நித்தியமாக வேதனைப்படாமல் அழிந்துபோவர்.
• யெகோவாவின் சாட்சிகள்: எரிநரகம் இல்லை. பரலோக ஆட்சிக்கு 1,44,000 பேர்; மற்ற நல்லோருக்குப் பூமியே பூங்காவனம்.
• மார்மன் சபை: மறுமையில் மகிமையின் படிகள் 3.
• ஓரிகன் (3ஆம் நூற்றாண்டு): எல்லாரும் முடிவில் கடவுளிடம் மீள்வர் என்ற கருத்தோடு இணைத்துப் பேசப்படுபவர். 553ஆம் ஆண்டின் இரண்டாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கக் கண்டனப் பட்டியலில் அவர் பெயர் உண்டு.

9. கல்லறையிலும் சுவரிலும்

• நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். நவம்பர் 2 சகல ஆத்துமாக்கள் திருநாள், நம் ஊர் வழக்கில் ‘கல்லறைத் திருநாள்’. முதல் நாளே புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை வாங்கிவைப்பார்கள். மாலையில் மெழுகுவர்த்தி, சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டே வரிசையாக வருவார்.
• 1915: முதல் உலகப் போரில் இறந்தோர் பெருகியபோது, நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் 3 பூசை வைக்கப் போப் பதினைந்தாம் பெனடிக்ட் அனுமதித்தார்.
• இரங்கல் சுவரொட்டியைப் படியுங்கள். ‘ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி’ என்றிருந்தால் கத்தோலிக்க வீடு. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டு, ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு நேரம் தந்திருந்தால் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் வீடு. முன்னதில் இறந்தவருக்காக வேண்டுகிறார்கள். பின்னதில் அவருடைய வாழ்வுக்காக நன்றி செலுத்துகிறார்கள்.
• இந்த ‘நித்திரை’ மரபுச் சொல் மட்டுமே. அட்வென்டிஸ்ட் சபையின் ஆத்தும உறக்கக் கோட்பாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

10. இலக்கியத்தில் வரைபடம்

• தாந்தே, ‘தெய்வீக இன்பியல்’: 34 + 33 + 33 = 100 காண்டங்கள். நரகத்தில் 9 வட்டங்கள். உத்தரிக்கிற ஸ்தலம் 7 படிநிலை கொண்ட ஒரு மலை, தலையான பாவம் ஏழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி. நரகத்திலும் மலையிலும் வழிகாட்டி கவிஞர் வர்ஜில்.
• ஜான் பனியன், ‘மோட்சப் பிரயாணம்’ (1678): பயணி கடைசியில் கடப்பது ஓர் ஆறு. அக்கரையில் உடனே நகரம். நடுவில் உத்தரிக்கும் மலை இல்லை. பனியன் கத்தோலிக்கர் அல்லர் என்பதை அவருடைய நிலவியலே சொல்லிவிடுகிறது.
• அந்த நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பாடியது ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894), 5 பருவங்கள். ‘கிறித்தவக் கம்பர்’ என்ற பட்டத்தோடு சேர்த்துப் படிக்கவும்.

11. பயிற்சி வினாக்கள்

1. உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டு, புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லாத நூல்? — 2 மக்கபேயர்.
2. காலவரிசைப்படுத்துக: திரெந்து, லியோன், ஃபுளோரன்ஸ். — லியோன், ஃபுளோரன்ஸ், திரெந்து.
3. கூற்று: ஆர்த்தடாக்ஸ் சபை இறந்தோருக்காக வேண்டுகிறது. காரணம்: அது உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாட்டை ஏற்கிறது. — கூற்று சரி, காரணம் தவறு.
4. பொருந்தாததைக் காண்க: மோட்சம், நரகம், தீர்வை, லிம்போ. — லிம்போ, இறுதி நிலைகள் நான்கில் இல்லை.
5. தாந்தேயின் மலையும் பனியனின் ஆறும் காட்டும் கோட்பாட்டு வேறுபாடு யாது? (2 மதிப்பெண்) — மலையில் ஏறும் ஆன்மாவுக்குக் கீழே இருக்கும் உறவினர் செபத்தால் துணை செய்யலாம்; ஆற்றைக் கடந்தவருக்கு இக்கரையிலிருந்து செய்ய ஒன்றுமில்லை.