களத்துத் தூசியும் விடாத இருமலும்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் காவிரிப் பாசனக் கிராமங்களில் நெல்லோடு சேர்ந்து இன்னொன்றும் வீட்டுக்கு வருகிறது. அதுதான் இருமல். பகலெல்லாம் களத்தில் நின்றவர் இரவு பாயில் சாய்ந்ததும் தொண்டையில் ஏதோ ஊர்வது போலிருக்கும். இருமிப் பார்ப்பார், எழுந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார். சளி வராது, காய்ச்சலும் இராது. விடியற்காலைப் பனியில் வெளியே வந்தால் அடுக்கடுக்காகத் தும்மல். ஒரு புட்டி மருந்து வாங்கிக் குடித்தால் இரண்டு நாள் அடங்கியது போலிருந்து மறுபடியும் தலைகாட்டும். மாசி போய்ப் பங்குனி வந்தும் விடாத இருமலைக் கண்டு, "காசமாக இருக்குமோ" என்று வீட்டார் கலங்குவதும் உண்டு.

இத்தகைய இருமலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஒவ்வாமை. தானியத் தூசி உழைப்பாளியின் மார்பைக் கெடுக்கும் என்பது புதிதாகக் கண்ட செய்தி அன்று. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், தானியத்தைச் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் வரும் இருமலுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பருவந்தோறும் வரும் தும்மலுக்கு மகரந்தம் காரணம் என்பதை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர மருத்துவர் பிளாக்லி 1873இல் நிறுவினார். அவருக்கே அந்தத் தொல்லை இருந்தது. தம் மீதே சோதனை செய்துகொண்டதோடு, ஒட்டும் பூச்சிட்ட கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரக் காற்றிலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார்.

நம் களத்துக் காற்றில் மகரந்தம் மட்டுமா இருக்கிறது? நெல்லின் சுணை, உமித்தூள், நமத்த வைக்கோலிலிருந்து கிளம்பும் பூஞ்சாணத் தூள், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் கழிவு எல்லாம் கலந்திருக்கின்றன. வரப்பில் பார்த்தீனியம் பூத்திருந்தால் அதன் மகரந்தமும் சேர்ந்துகொள்ளும். சிலருடைய உடம்பு இவற்றைப் பகையென்று தவறாக எண்ணி, ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளிவிடுகிறது. உடனே மூக்கின் உட்புறம் வீங்கி நீர் சுரக்கிறது. பகலில் அந்த நீர் மூக்கு வழியே ஒழுகும், அல்லது தெரியாமலே விழுங்கப்பட்டுவிடும். படுத்ததும் தொண்டையின் பின்புறம் தேங்கி உறுத்தும். இரவில் இருமல் மிகுவதற்கு இது ஒரு காரணம். தொல்லை தொண்டையோடு நில்லாமல் மூச்சுக் குழல்களும் சுருங்கினால் அது ஆஸ்துமா.

ஒவ்வாமை இருமலை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. கண்ணும் மூக்கும் அரிக்கும். மூக்கிலிருந்து வருவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதத்தில் வரும். நான்கு நாள் வெளியூர் போனால் தணிந்து, திரும்பிக் களத்தில் கால் வைத்ததும் கிளம்பும். சுவரில் தொங்கும் காலண்டர் தாளில், இருமல் மிகுந்த நாளில் என்ன வேலை செய்தோம் என்று ஒரு வார்த்தை குறித்து வைத்தால் போதும். போரடித்த நாளா, வைக்கோல் பிரித்த நாளா, பழைய குதிரைக் கூட்டிய நாளா என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போகலாம்.

களத்துக்கும் இருமலுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். இரவு சாப்பிட்ட கையோடு படுப்பவருக்கு, இரைப்பைப் புளிப்பு மேலேறி இருமல் வரும். பீடி குடிப்பவர் இருமலுக்குக் காரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியத்தில் முதலாவது குளியல்தான். களத்திலிருந்து வந்தவர் வேட்டி துண்டை வாசலிலேயே கழற்றிப் போட்டு, தலையோடு குளித்துவிட்டுத்தான் பாயில் உட்கார வேண்டும். தலைமயிரில் தங்கிய தூசி இரவு முழுதும் தலையணையிலிருந்து மூக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். குளித்தபின் மூக்கை உப்புநீரால் கழுவுவது நல்ல பலன் தரும். கொதிக்க வைத்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு நாசியில் மெல்ல விட்டு மறு நாசி வழியே வெளியேற்ற வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ காய்ச்சாமல் மூக்கில் விடவே கூடாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் கிருமிகள் அதில் இருக்கலாம். இதே அளவு உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தொண்டையைக் கொப்பளிக்கலாம்.

படுக்கப் போகுமுன் ஒரு தேக்கரண்டி தேன் தொண்டைக்கு இதம். அமெரிக்காவில் குழந்தைகளிடம் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், தேன் கொடுத்த குழந்தைகளுக்கு இரவு இருமல் தணிந்தது. ஆனால் அது சளிக் காய்ச்சலில் வந்த இருமல். ஒவ்வாமைக்குத் தேன் மாற்று மருந்து என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதும் கூடாது. நரம்பைத் தளர்த்தும் கொடிய நஞ்சு நோய்க்கு அது வழி செய்யும். நீரிழிவுக்காரர்களும் கணக்குப் பார்த்தே சாப்பிட வேண்டும்.

வேலியில் ஆடாதொடை இருக்கிறவர் கொடுத்து வைத்தவர். ஆடு வாய்வைக்காத இலை என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை முன்மாதிரியாகக் கொண்டுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின் என்ற ஆங்கில மருந்து உருவாயிற்று. கடைப் புட்டியில் விற்கும் பல இருமல் மருந்துகளில் அது சேர்ந்திருக்கிறது. ஐந்து இலைகளைக் கிள்ளிப் போட்டு, நான்கு மிளகைத் தட்டிச் சேர்த்து, இரண்டு தம்ளர் நீர் அரைத் தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். காலையில் பாதி, மாலையில் பாதி, பனங்கற்கண்டு சேர்த்து ஐந்து நாள் குடிக்கலாம். கசக்கத்தான் செய்யும். கருவுற்ற பெண்கள் இதைத் தொடக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு. இலை கிடைக்காதவர்கள் அரசு மருத்துவமனைச் சித்த மருத்துவப் பிரிவில் ஆடாதொடை மணப்பாகு கேட்டுப் பார்க்கலாம்.

தூதுவளையை முள் நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாகவோ ரசமாகவோ சேர்ப்பதும், கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் தேன் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதும், சுக்கு மிளகு திப்பிலிப் பொடியும், மஞ்சள் பாலும் எல்லாரும் அறிந்தவையே. அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டை உறுத்தல் குறையும். நாள் கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் அது இரத்தக் கொதிப்பை ஏற்றும் என்பதால், கொதிப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இவையெல்லாம் தொண்டையை நனைக்கும், சளியை இளக்கும், தூக்கம் வரச் செய்யும். ஒவ்வாமையை வேரறுப்பவை அல்ல. இவற்றை நம்பி, ஆஸ்துமாக்காரர் தம் உறிஞ்சு மருந்தைப் பரணில் போட்டுவிடக் கூடாது.

ஆவி பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளும் உண்டு. பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம். பச்சிளங்குழந்தையின் மார்பில் கற்பூரம் கரைத்த எண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் போகவில்லை. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே இறங்கி, குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. இருமுகிறவர் படுக்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். மருந்துக் கடையில் அரிப்புக்கும் தும்மலுக்கும் தரும் மாத்திரைகளில் குளோர்பெனிரமின் போன்றவை கண்ணைச் சொக்க வைக்கும். அவற்றை விழுங்கிவிட்டு டிராக்டர் ஓட்டுவதும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை கொடுப்பதும், கிணற்றில் இறங்குவதும் ஆபத்து.

கைவைத்தியத்துக்கும் ஒரு கெடு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், ஒவ்வாமைதான் என்று எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சில் விசில் சத்தம் கேட்டாலும், நடக்கும்போது மூச்சு வாங்கினாலும், குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நோய் இருக்கிறது. காய்ச்சல் என்று எண்ணிப் பலர் அதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பூசணம் பிடித்த வைக்கோலைக் காலையில் பிரித்துப் போட்டவருக்கு, நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர் எடுத்துக் காய்ச்சல் அடிக்கும். உடம்பு வலிக்கும், இருமலோடு மூச்சு முட்டும். இரண்டொரு நாளில் தானே விடும். மறுபடி வைக்கோலைத் தொட்டால் மறுபடி வரும். உழவர் நுரையீரல் என்று இதற்குப் பெயர். மழையில் நனைந்த தீவனத்தைக் கையாண்ட உழவர்களிடம் இதைக் கண்டு 1932இல் இங்கிலாந்து மருத்துவர் கேம்ப்பெல் எழுதினார். ஈரத்தோடு அடுக்கிய போர் உள்ளுக்குள் சூடேறும்போது, அந்தச் சூட்டில் வளரும் நுண்ணுயிர்களின் தூள்தான் காரணம். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அந்தத் தழும்பு பிறகு மாறாது. எந்தக் கஷாயமும் இதற்கு ஆகாது. வைக்கோல் வேலைக்கும் காய்ச்சலுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் சொல்வது அவருக்குப் பெரிய உதவி.

ஆகவே வைக்கோலைக் காயப் போட்ட பிறகே போர் போட வேண்டும். மழைக்கு நடுவே அறுவடையாகும் குறுவை வைக்கோலுக்கு இது மிகவும் அவசியம். தரையில் கட்டைகளைப் பரப்பி அதன்மேல் அடுக்கி, உச்சியைக் கூரை போல் சரித்து முடித்தால் மழைநீர் உள்ளே இறங்காது. கறுத்துப் பூசணம் பிடித்த பகுதியை மாட்டுக்குப் போடாமல், தண்ணீர் தெளித்து நனைத்தபிறகு வாரி எருக்குழியில் சேர்க்கலாம். உலர்ந்தபடியே உதறினால்தான் தூள் கிளம்பும்.

தூற்றும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். பதர் விழும் பக்கத்தில் பெண்களும் பிள்ளைகளும் நின்று கூட்டுவது வழக்கமாகிவிட்டது. தூற்றி முடித்துத் தூசி அடங்கியபிறகு கூட்டினால் என்ன குறைந்துவிடும்? முகத்தில் கட்டும் துண்டு பெருந்தூசியைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் என் 95 முகக்கவசம் மூக்கோடு ஒட்டி நிற்பதால் அது மேல். அறுவடை இயந்திரத்தின் அருகே சாக்குப் பிடிப்பவருக்கு அதை வாங்கிக் கொடுப்பது இயந்திரம் வைத்திருப்பவரின் பொறுப்பு. ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ளவரை அந்த வேலைக்கு நிறுத்தவே கூடாது.

எஞ்சியிருப்பது பார்த்தீனியம். 1955இல் புனே நகரில் கண்டறியப்பட்ட இந்தச் செடி இன்று நாடெங்கும் பரவிவிட்டது. இதை உண்ணும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. ஆனாலும் வண்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, பூக்குமுன் வேரோடு பிடுங்குவதே சிறந்தது. வெறுங்கையால் பிடுங்கினால் தோலில் தடிப்பும் அரிப்பும் வரும். கையுறை இல்லாதவர்கள் பாலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்ளலாம். பயிரில்லாத சாலையோரத்திலும் தரிசிலும் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்துத் தெளித்தால் செடி கருகும். வயலில் தெளித்தால் மண் உவராகிவிடும். பூக்காத செடியை எருவாக்கலாம். பூத்ததை எருக்குழியில் போட்டால் அதன் விதை அடுத்த ஆண்டு எருவோடு வயலுக்கே திரும்பி வரும்.