ஒப்புக்கொண்ட பிறகும் அப்பீல் உண்டா?

குற்றாலம் சீசனில் குடித்துவிட்டு பைக் ஓட்டி, முதல் முறையாக மாட்டிக்கொண்டேன். கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். ₹15,000 அபராதம், ஓராண்டு லைசென்ஸ் தடை. அப்பீல் செய்யலாமா? – ஒரு வாசகர், தென்காசி

தாராளமாகச் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு அபராதம் ₹10,000தான். பதினைந்தாயிரம் என்பது மறுபடி சிக்குபவருக்கு. ஒப்புக்கொண்டவருக்கு அப்பீலே கிடையாது என்பார்கள், நம்பாதீர்கள். குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்க்க முடியாதே தவிர, தண்டனையின் அளவும் சட்டமுறையும் சரியா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. லைசென்ஸ் தடையையும் 20-ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றம் குறைக்கலாம், நீக்கலாம்.

இன்றே தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள். செஷன்ஸ் நீதிமன்றம் போக 30 நாள்தான் கெடு. தடையை நிறுத்திவைக்கவும் கூடவே கேளுங்கள். அந்த உத்தரவு கைக்கு வரும்வரை பஸ்ஸிலேயே போங்கள். தடைக்காலத்தில் வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை.