விரலை நீட்டு, வாய்விட்டுச் சொல்!



சைக்கிளைப் பூட்டிட்டு வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிறகு, "பூட்டினோமா, இல்லையா?" என்று சந்தேகம் வந்திருக்கிறதா? பூட்டியது நம்ம கைதான். ஆனால் அந்த நேரம் மனசு அங்கே இல்லை. பழகிப்போன வேலையைக் கை தானாகவே செய்துவிடும். கவனிக்காமல் செய்தது நினைவில் சரியாகப் பதியாது.

சைக்கிள் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கலாம். ரயில் ஓட்டுபவர் அப்படி இருக்க முடியுமா? தினமும் போகிற பாதைதானே என்று சிவப்பு சிக்னலைப் பார்த்தும் மனதில் வாங்காமல் போனால், எத்தனை உயிர் போகும்!

இதற்கு ஜப்பான் ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. பெயர் 'ஷிசா கான்கோ'. ஓட்டுநர் சிக்னலை நோக்கி விரலை நீட்டி, அதன் நிறத்தை உரக்கச் சொல்வார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார். கண் பார்க்கிறது, கை காட்டுகிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. நாலும் ஒரே இடத்தில் நின்றால் மனசும் அங்கே வந்துதானே ஆகணும்!

பலன் உண்டா? 1994-இல் ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஓர் எளிய வேலையைக் கொடுத்துச் சோதித்தது. சும்மா செய்தபோது 100-க்கு 2.38 தவறு. விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லிச் செய்தபோது 0.38 தவறுதான். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

நம் நாட்டு ரயில் எஞ்சினிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள்.

கவனப் பயிற்சி என்றால் கண்ணை மூடி உட்காருவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். கண்ணைத் திறந்துகொண்டு, வேலைக்கு நடுவிலேயே செய்கிற கவனப் பயிற்சி இது.

நாமும் செய்து பார்ப்போமா?

1. தேர்வில்: வினா எண்ணை விரலால் தொட்டு மனதுக்குள் சொல்லுங்கள். விடைத்தாளில் எழுதிய எண்ணையும் அப்படியே தொட்டுப் பாருங்கள்.

2. வீட்டில்: கேஸ் அடுப்பை அணைத்ததும் சிலிண்டரைப் பார்த்து விரல் நீட்டி, "ரெகுலேட்டர் மூடியாச்சு" என்று சொல்லுங்கள்.

3. சாலையில்: "வலது பக்கம் வண்டி இல்லை, இடது பக்கம் வண்டி இல்லை" என்று சொல்லி, மறுபடியும் வலது பக்கம் பார்த்துக் கடக்கவும்.

ஒரு எச்சரிக்கை! பார்க்காமலே "மூடியாச்சு" என்று வாய் மட்டும் சொன்னால், இதுவும் வெறும் பழக்கமாகிவிடும். முதலில் பார்க்கணும், பிறகுதான் சொல்லணும். எல்லா வேலைக்கும் இது தேவையில்லை. தவறினால் ஆபத்து என்கிற வேலைக்குச் செய்தால் போதும்.

மனசு ஓடுவது இயல்பு, அது குற்றமில்லை. ஓடிப்போச்சு என்று தெரிந்ததும் கூப்பிட்டு வருவதுதான் பயிற்சி. நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்க விரலை நீட்டுங்க!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு