பத்து நாள் பேசாமல் இருந்தால்: விபாசனா முகாமில் நான் படித்த பாடம்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் எனக்கு அரியர். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. வீட்டில் சொல்லவில்லை. "ரிசல்ட் வந்துச்சாடா?" என்று அப்பா கேட்டபோது, "எல்லாம் க்ளியர்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற அதற்குப் பிறகு எத்தனை பொய் சொன்னேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

போன செமஸ்டர் லீவில் ஹாஸ்டல் சீனியர் ஒருவர், "மனசு சரியில்லன்னா பத்து நாள் விபாசனா போய்ட்டு வாடா. காசு கிடையாது, சாப்பாடு நல்லா இருக்கும்" என்றார். காசு கிடையாது என்றதும் விண்ணப்பம் போட்டேன். வீட்டில், "சென்னையில இன்ப்ளாண்ட் ட்ரெய்னிங், பத்து நாள் போன் எடுக்க முடியாது" என்று சொன்னேன். அதாவது, தியானம் கற்கப் போவதற்கும் ஒரு பொய். இந்தப் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வரும்.

முகாம் என்றால் என்ன?

புத்தர் காலத்துத் துறவிகள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பார்கள். மழைக்காலத்தில் மட்டும் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்று விதி வந்தது. மழையில் நடந்தால் வயலில் முளைத்த பயிரும் சிறு உயிர்களும் மிதிபடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இதற்கு 'வஸ்ஸ' என்று பெயர். ஒரே இடத்தில் தங்கி, வெளி வேலையைக் குறைத்து, பயிற்சியைக் கூட்டுவது என்ற பழக்கம் இன்றும் தேரவாத நாடுகளில் இருக்கிறது.

ஆனால் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் பத்து நாள் போய் உட்கார்ந்து வரும் வழக்கம் பர்மாவில் பெரிதாக வளர்ந்தது. 1885-ல் ஆங்கிலேயர்கள் மாண்டலேயைப் பிடித்து அரசரை நாடு கடத்தினார்கள். பௌத்தத்தைத் தாங்கிப் பிடிக்க இனி அரசர் இல்லை. அப்படியென்றால் அதை மக்களே சுமக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் முக்கியமானவர் லெடி சயடா (1846–1923) என்ற துறவி. தியானத்தையும் தத்துவத்தையும் இல்லறத்தாருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அந்த வழியில் வந்தவர் ஊ பா கின் (1899–1971). அவர் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் அக்கவுண்டண்ட் ஜெனரல்! ஆபீஸ் ஃபைலும் பார்ப்பார், தியானமும் நடத்துவார். 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையம் தொடங்கினார். அவரிடம் 1955-ல் போனவர் எஸ். என். கோயங்கா, மாண்டலேயில் 1924-ல் பிறந்த இந்திய வம்சாவளி வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி அவருக்கு. 1969-ல் இந்தியா வந்து மும்பையில் முதல் முகாம் நடத்தினார். இன்று மகாராஷ்டிராவில் இகத்புரியிலும், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் அந்த வழி மையங்கள் உண்டு. கட்டணம் இல்லை. ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில்தான் நடக்கிறது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த காசில் நான் பத்து நாள் சாப்பிட்டேன்.

டைம் டேபிள்

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30-லிருந்து 6:30 வரை தியானம். 6:30-க்கு டிபன். 8 முதல் 11 வரை தியானம். 11 மணிக்கு மதியச் சாப்பாடு. 1 முதல் 5 வரை மறுபடி தியானம். 5 மணிக்கு டீயும் பழமும், அவ்ளோதான், ராத்திரி சாப்பாடு கிடையாது. 6 முதல் 7 வரை தியானம், பிறகு பதிவு செய்யப்பட்ட உரை, மறுபடி கொஞ்சம் தியானம், 9:30-க்கு லைட் ஆஃப். கூட்டினால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்.

போன் கிடையாது. புத்தகம், பேனா கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, சைகை, கண்ணைப் பார்ப்பது எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கலாம், அவ்வளவே.

முதல் மூன்று நாள்: மூச்சு

முதல் பாடம் 'ஆனாபானம்'. மூச்சு மூக்கு வழியாக உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அதைக் கவனிக்க வேண்டும். பிராணாயாமம் மாதிரி இழுத்துப் பிடிக்கக் கூடாது. மந்திரம் இல்லை, உருவம் இல்லை.

'இதுல என்ன இருக்கு' என்று நினைத்தேன். நாலு மூச்சு தாண்டவில்லை. மனசு கேண்டீனுக்குப் போனது, ஒரு பழைய சண்டைக்குப் போனது, அங்கிருந்து அரியர் ரிசல்ட் பக்கத்துக்குப் போனது. திரும்பக் கூட்டி வந்தால் மறுபடி ஓட்டம். முதல் நாள் சாயங்காலம் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: என் மனசு என் பேச்சைக் கேட்பதே இல்லை, இத்தனை நாள் அது எனக்குத் தெரியவும் இல்லை.

மூன்றாம் நாள் கவனத்தை மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே இருக்கும் சின்ன இடத்துக்குச் சுருக்கச் சொல்கிறார்கள். அங்கே ஒரு சூடு, ஒரு அரிப்பு, ஒரு துடிப்பு தெரிய ஆரம்பிக்கும். அது புதிதாக வந்தது இல்லை. எப்போதும் இருந்தது, இரைச்சலில் கேட்கவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் சிக்னல் பெரிதாகவில்லை, நாய்ஸ் குறைந்தது.

நாலாம் நாள்: முட்டி வலி

நாலாம் நாள்தான் விபாசனா தொடங்குகிறது. பாலி மொழியில் 'விபஸ்ஸனா' என்றால் உள்ளதை உள்ளபடி, ஆழமாகப் பார்ப்பது. தலையிலிருந்து கால் வரை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே என்ன உணர்ச்சி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிடித்த உணர்ச்சி வந்தால் பிடித்து வைக்கக் கூடாது, பிடிக்காதது வந்தால் விரட்டக் கூடாது. இது இந்த வழியின் முறை. மகாசி சயடா வழியில் வயிறு ஏறி இறங்குவதைக் கவனிப்பார்கள். வழிகள் வேறு, பாடம் ஒன்றுதான்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கண், கை, கால் அசைக்காமல் உட்கார முயல வேண்டும். பெயர் 'அதிட்டானம்', அதாவது உறுதி. இருபது நிமிஷத்தில் என் இடது முட்டி கத்த ஆரம்பித்தது. முப்பதாவது நிமிஷத்தில் கால் போய்விடும் என்றே நினைத்தேன். அப்போதுதான் முந்தின ராத்திரி உரை ஞாபகம் வந்தது: வலியைப் பார், வலியைப் பற்றிய கதையைப் பார்க்காதே.

பார்த்தேன். நான் 'வலி' என்று ஒரே வார்த்தையில் சொன்னது ஒரே கட்டியாக இல்லை. ஒரு இடத்தில் எரிச்சல், பக்கத்தில் இறுக்கம், நடுவில் ஒரு துடிப்பு, அதுவும் கூடிக் கூடிக் குறைந்தது. வலி போகவில்லை. ஆனால் 'ஐயோ, இன்னும் அரை மணி நேரமா, நான் ஏன் இங்க வந்தேன்' என்ற புலம்பல் நின்றது. அது நின்றதும் பாதி பாரம் இறங்கியது.

சல்லத்த சுத்தம் என்ற போதனையில் புத்தர் இதற்கு ஒரு உவமை சொல்கிறார். ஒருவன் மேல் ஒரு அம்பு பாய்கிறது. அது உடம்பு வலி, ஞானிக்கும் உண்டு. ஆனால் பழகாத மனிதன் அந்த வலியை நினைத்து அழுது புலம்புகிறான். அது இரண்டாவது அம்பு பாய்ந்த மாதிரி. முதல் அம்பு நம் கையில் இல்லை. பயிற்சி முழுவதும் இரண்டாவது அம்பைப் பற்றியது.

மணிமேகலை கொடுத்த வார்த்தைகள்

இந்தப் பாடத்துக்குப் பாலி வார்த்தைகளைத் தேடி அலைய வேண்டாம். சீத்தலைச் சாத்தனார் எழுதிய மணிமேகலை நம்ம பௌத்தக் காப்பியம். துன்பம் எப்படி உண்டாகிறது என்பதற்குப் பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு கண்ணிகளும் அதன் கடைசிக் காதையில் தமிழ்ப் பெயரோடு இருக்கின்றன. நமக்கு இப்போது நாலு போதும்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

போனை வைத்துப் பார்ப்போம். நோட்டிஃபிகேஷன் சத்தம் காதில் படுகிறது: ஊறு. உள்ளே ஒரு சின்ன குறுகுறுப்பு: நுகர்வு. 'எடுத்துப் பாரு' என்று ஒரு இழுப்பு: வேட்கை. போன் இல்லாமல் பாத்ரூம் கூடப் போக முடியாத நிலை: பற்று.

ஊறும் நுகர்வும் வரத்தான் செய்யும், காது இருக்கிற வரை சத்தம் கேட்கும். ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. அங்கேதான் சங்கிலியை அறுக்க முடியும் என்கிறது பௌத்தம். பத்து மணி நேரம் உட்கார்ந்து செய்வது வேறொன்றும் இல்லை, அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கும் வேலை. மூக்கில் அரிக்கும், சொறியாமல் பார்ப்பீங்க, கொஞ்ச நேரத்தில் அரிப்பு தானே போகும். வந்தது போகும் என்பதுதான் 'அநிச்ச', நிலையாமை. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, மூக்கு நுனியில் தெரிந்துகொள்வது வேறு.

எனக்கு அரியர் வாங்கித் தந்த பேப்பரே இங்கே உதவியது. மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீ' என்று கத்தும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி மைக்குக்குள் போகிறது. பாசிட்டிவ் ஃபீட்பேக். பயம் வருகிறது, பயத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், அது இன்னும் பெரிதாகிறது. கவனிப்பது என்பது அந்த லூப்பில் கெயினைக் குறைப்பது.

ஏழாம் நாள்: பொய்

முகாம் தொடங்கும் மாலையே ஐந்து சீலங்களை ஏற்கச் சொல்வார்கள்: உயிரைக் கொல்லாமை, திருடாமை, பாலியல் ஒழுக்கம் (முகாமில் முழு பிரம்மச்சரியம்), பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல். நான் இதை ஹாஸ்டல் ரூல்ஸ் மாதிரி நினைத்துத் தலையாட்டினேன். பேசவே முடியாத இடத்தில் பொய் எங்கே சொல்வது?

ஏழாம் நாள் முட்டி அடங்கிவிட்டது. மனசு ஓரளவு நின்றது. அப்போது வந்தது நெஞ்சில் ஒரு இறுக்கம். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் கூடவே அப்பா குரல்: "ரிசல்ட் வந்துச்சாடா?" முட்டி வலி வந்து போனது. இது வந்து போனாலும் மறுபடி வந்தது, ஏனென்றால் அதற்குத் தீனி போடும் விஷயம் வெளியே அப்படியே இருக்கிறது.

பௌத்தப் பாதையைச் சீலம், சமாதி, பஞ்ஞா என்று மூன்றாகப் பிரிப்பார்கள்: ஒழுக்கம், ஒருமுகம், தெளிவு. சீலத்தை ஏன் முதலில் வைத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது. பொய்யைக் காப்பாற்றும் மனசு எப்போதும் வாசலில் காவலுக்கு நிற்கும். அது உள்ளே வந்து உட்காராது.

சில எச்சரிக்கைகள்

போய் வந்த உற்சாகத்தில் எல்லாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இது மருத்துவம் இல்லை. மன அழுத்தம், பேனிக் போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். விண்ணப்பத்திலேயே உடல், மனநலம், மருந்துகள் பற்றிக் கேட்பார்கள். அங்கே மறைக்காதீங்க. மருந்தைத் தானாக நிறுத்தாதீங்க. ராத்திரி தூக்கமே வராமல் பதறுகிற நிலை என்றால், பத்து நாள் மௌனத்தைவிட ஒரு கவுன்சிலரோடு பேசுவது முதலில் தேவை.

அதேபோல, வீரம் காட்டவும் போகாதீங்க. சோணர் என்ற துறவி கால் புண்ணாகும் அளவுக்கு நடந்து தியானம் செய்தார். பலன் இல்லை. அவர் முன்பு வீணை வாசித்தவர். புத்தர் அவரிடம், நரம்பை ரொம்ப இறுக்கினால் வீணை பாடுமா, ரொம்பத் தளர்த்தினால் பாடுமா என்று கேட்ட கதை அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. பதில் நமக்கே தெரியும்.

பதினோராம் நாள்

பத்தாம் நாள் மெத்தா, அதாவது எல்லா உயிரும் நன்றாக இருக்கட்டும் என்ற அன்புத் தியானம். அதன் பிறகு மௌனம் கலையும். பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு லாரி ஓனர் என்று அப்போதுதான் தெரிந்தது. "தம்பி, நீ ரொம்ப பெருமூச்சு விடுவ" என்று சிரித்தார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். ரிங் போகும்போதே வயிறு சுருங்கியது. நெஞ்சு அடித்தது. கட் பண்ணிவிடலாம் என்று ஒரு இழுப்பு வந்தது. ஊறு, நுகர்வு, வேட்கை. பார்த்தேன். கட் பண்ணவில்லை.

"அப்பா, ட்ரெய்னிங் இல்லப்பா. தியான முகாமுக்கு வந்தேன். அப்புறம்... எனக்கு ஒரு அரியர் இருக்கு. ரெண்டு செமஸ்டரா சொல்லல."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்டியா?" என்றார். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

வீட்டில் ரெண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மா, "இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று அழுதாள். தியானம் இதையெல்லாம் தடுக்கவில்லை. அது முதல் அம்பு, எனக்கு வரவேண்டியது. மூணாம் நாள் அப்பாவே, "எந்த யூனிட்டு புரியல?" என்று கேட்டார். அவருக்குக் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் தெரியாது. இருந்தும் கேட்டார்.

செய்து பார்க்க

பத்து நாள் முடியாது என்றால் பத்து நிமிஷம் போதும். போனை வேறு ரூமில் வையுங்க. முதுகை நேராக வைத்து உட்காருங்க, நாற்காலியிலும் உட்காரலாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் பாருங்க. மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வாங்க. நூறு தடவை ஓடினால் நூறு தடவை. அந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி, ஓடியது தோல்வி இல்லை.

நான் இந்த செமஸ்டர் பேப்பரை மூணாவது தடவை எழுதப்போகிறேன். பயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை ரிசல்ட் வரும் தேதி வீட்டிலும் தெரியும்.