மெல்லிய தகட்டுக்கு எந்தக் கம்பி?

காணியை விட்டு வந்த இடத்தில் கைத்தொழிலே எமக்குச் சோறு போடுகிறது. வெல்டிங் பழகுபவர்களிடம் முதலில் வந்து சேருபவை பெரும்பாலும் தகட்டு வேலைகளே: தள்ளுவண்டிலின் தட்டு, உழவு இயந்திரத்தின் மட்காட், படலைத் தகடு. தடித்த இரும்பில் விட்ட பிழையை ராவிச் சரிப்படுத்தலாம். மெல்லிய தகட்டில் விட்ட பிழை ஓட்டையாகிவிடும். அயலவரின் ஒரேயொரு தள்ளுவண்டிலை ஓட்டையாக்கிக் கொடுத்தால் அடுத்த வேலை எம்மிடம் வராது. ஆகவே மிக் இயந்திரத்துக்குக் கம்பி தெரிவு செய்யும் முறையை இவ்விதழில் படிப்போம்.

கம்பியின் தடிப்பு ஏன் முக்கியம்?

மிக் வெல்டிங்கில் கம்பியே மின்னைக் கொண்டுவருகிறது. அதுவே உருகி இணைப்பையும் நிரப்புகிறது. கம்பி தடித்தால் அதைச் சீராக உருக்கக் கூடிய மின்னோட்டம் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் தகட்டிலேயே இறங்கும். 0.6 மி.மீ. கம்பிக்கும் 0.8 மி.மீ. கம்பிக்கும் வித்தியாசம் சிறிதென்று நினைக்கக் கூடாது. 0.8 கம்பியில் ஒரே நீளத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு இரும்பு உண்டு.

0.6 கம்பி சுமார் 30 முதல் 90 அம்பியர் வரையும், 0.8 கம்பி சுமார் 40 முதல் 145 அம்பியர் வரையும் சீராக வேலை செய்யும். 1.0 கம்பி தடித்த இரும்புக்கே உரியது.

கணக்குப் பார்க்கும் முறை

தகட்டின் ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் சுமார் 40 அம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

0.8 மி.மீ. தகடு: 32 அம்பியர். 0.6 கம்பி மட்டுமே பொருந்தும்.
1 மி.மீ. தகடு: 40 அம்பியர். 0.6 கம்பியே நல்லது, 0.8 கம்பி திக்கித் திக்கி எரியும்.
1.5 மி.மீ. தகடு: 60 அம்பியர். இரண்டும் பொருந்தும்.
2 மி.மீ. தகடு: 80 அம்பியர். 0.8 கம்பி நல்லது.
3 மி.மீ. தகடு: 120 அம்பியர். 0.8 கம்பி.

பழைய தகட்டைத் துரு தின்றிருக்கும். ஆகவே துருவையும் பெயின்ற்றையும் சுரண்டிவிட்டு, தேய்ந்த இடத்திலேயே தடிப்பை அளக்க வேண்டும்.

வாயு இல்லாமல் எரியும், உள்ளே மருந்து நிரப்பிய கம்பியும் கடைகளில் உண்டு. வெளியில் காற்றடிக்கும் இடத்துக்கு அது உதவும். ஆனால் 1.2 மி.மீ.க்குக் குறைந்த தகட்டை அது இலகுவில் ஓட்டையாக்கும். அதைப் போடும்போது டோர்ச் வயரை மறை முனையில் மாட்ட வேண்டும். வாயுவோடு எரியும் சாதாரண கம்பிக்கு நேர் முனை.

கம்பி மாற்றும்போது

செப்பு முனையையும் கம்பியைத் தள்ளும் உருளையையும் சேர்த்து மாற்ற வேண்டும். 0.8 முனையில் 0.6 கம்பியைப் போட்டால் மின் தொடுகை விட்டுவிட்டு வரும். உருளையின் தவாளிப்புப் பெரிதானால் கம்பி வழுக்கும்.

வெல்டிங் செய்யும்போது

ஒரே இழுப்பில் ஓட்டாமல் சிறு சிறு பொட்டுகளாக வைப்போம். ஒரு முனையில் ஒன்று வைத்தால் அடுத்ததை மறுமுனையில் வைப்போம். தகடு ஆறுவதற்கு நேரம் கிடைக்கும், நெளியாது. பின்புறம் செப்புத் தகடொன்றை அழுத்திப் பிடித்தால் அது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

எச்சரிக்கை

நாகம் பூசிய தகட்டில் இணைக்கும் இடத்தின் பூச்சை முதலில் தேய்த்து அகற்றுங்கள். அதன் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். காற்றோட்டமான இடத்தில் நின்றே வேலை செய்யுங்கள். பெற்றோல், டீசல், பூச்சிமருந்து இருந்த பீப்பாய்களை ஒருபோதும் வெல்டிங் செய்ய வேண்டாம். கழுவிய பீப்பாயும் வெடிக்கும்.

செய்து பாருங்கள்

வேலைக்கு வந்த தகட்டின் தடிப்பிலேயே இரண்டு கழிவுத் துண்டுகளை எடுத்து முதலில் இணைத்துப் பாருங்கள். பின்புறத்தைத் திருப்புங்கள். சிறிய மேடு ஒரே சீராகத் தெரிந்தால் சரி. இரும்பு தொங்கினால் வெப்பம் கூட. அடையாளமே இல்லாவிட்டால் வெப்பம் போதாது.

குழுவாகச் சிந்திப்போம்: எம்மிடம் வரும் வேலைகளில் 1.5 மி.மீ.க்குக் குறைந்த தகடுகள் எத்தனை? ஒரு சுருள் கம்பி வாங்கத்தான் பணம் உண்டென்றால் எதை வாங்குவோம்?